எலிக்கும் இரவு வேலை

விறகுக்காரன் கொடுத்த நாட்காட்டியில்
ஜூன் மாதம் முழுக்கக் கிறுக்கல்.
நீல மை அவளுடையது. பென்சில் என்னுடையது.
எட்டாம் தேதிமேல் காய்ந்து ஒட்டியிருக்கும் கஞ்சி
சின்னவனுடையதாய் இருக்கலாம்,
சத்தியம் செய்யமாட்டேன்.

வால்திவியாவில் இந்த மாதம் மழை பெய்வதில்லை,
குடியேறுகிறது.
அடுப்பைச் சுற்றி நான்கு நாற்காலிகள்,
நான்கிலும் ஈரக் கால்சட்டைகள்.
நாங்கள் நின்றபடியே சாப்பிடுகிறோம்.

பள்ளியிலிருந்து ஒரு சீட்டு: வகுப்பில் பேன்.
அடுத்த நாள் இன்னொன்று: நாடகத்தில் ராயேன் ஒரு மேகம்,
வெள்ளிக்குள் ஆடை தயாராக வேண்டும்.
பேன் சீப்பையும் பஞ்சுப் பொட்டலத்தையும்
ஒரே பையில் வாங்கி வந்தேன்.
பல்தசாருக்குக் காதுவலி, எட்டு மணிக்கொரு தரம் மருந்து.
அதில் பாதி அவன் வாய்க்கு,
மீதி என் சட்டைக்கு.
மேகம் வெள்ளிக்கிழமை பள்ளி வாசலுக்குப் போவதற்குள்
மழையில் ஊறி
ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது.
பரவாயில்லை என்றாள் ஆசிரியை,
மேகம் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.

யெசேனியாவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
எனக்கு விடியற்காலைப் பேருந்து.
ஆறரை மணிக்கு இரண்டையும் போர்வையோடு அள்ளி
என் இருக்கைக்குப் பின்னால் உட்காரவைப்பேன்.
மேலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்,
அவரும் மூன்று பெற்றவர்.
மருத்துவமனை நிறுத்தத்தில் அவள் ஏறுவாள்,
மற்றவர்களைப் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு.
முகத்தில் முகக்கவசத்தின் தடம்.
பின்னால் உட்கார்ந்து
ஒருவன் தலையை மடியில் வைத்துக்கொள்வாள்,
ஒருத்தியின் காலணியைக் கழற்றிச் சரியான காலில் மாட்டுவாள்.
என் தலைக்குமேல் பலகை:
ஓட்டுநருடன் பேச வேண்டாம்.
பதினோரு நிமிடம்.
கண்ணாடியில் அவளைப் பார்ப்பேன்.
"பால் தீர்ந்துவிட்டது" என்பாள்
பலகையைப் பார்த்துக்கொண்டே.
இந்த மாதம் எங்கள் தாம்பத்தியம்
பெரும்பாலும் அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி ராயேனுக்கு முதல் பல் விழுந்தது.
ரொட்டியில் குத்தி நின்றது, பொட்டு ரத்தத்தோடு.
தலையணைக்கடியில் வைத்தாள்,
காசு வைத்துவிட்டுப் பல்லை எடுத்துப் போகும் எலிக்காக.
எலி வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
அவள் வைத்திருப்பாள் என்று நான்.
நான் வைத்திருப்பேன் என்று அவள்.
பலகைக்குக் கீழே இதைப் பேச மறந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ராயேன் எலிக்குக் கடிதம் எழுதினாள்.
பாதி எழுத்துகள் திரும்பி நின்றன.

எலி அவர்களுக்கு,
என் பல் இங்கேதான் இருக்கிறது.
உனக்கும் இரவு வேலையா?
அப்போது உன் குட்டிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நான் அதை நடு இரவில் படித்தேன்,
அடுப்பில் கடைசி விறகைப் போட்டுவிட்டு.
படித்ததும் காசைத் தேடினேன்,
டிக்கெட் பையில், கோட்டில், நாற்காலியில் காயும் எல்லாக் கால்சட்டைகளிலும்.
நூறு பெசோ ஒன்று கிடைத்தது.
மெல்ல வைத்தேன்.
விரலில் ஏதோ சில்லிட்டது;
இருட்டில் அவள் பல் என்று நினைத்தேன்.

காலையில் பேருந்தில்
என் பின்னாலிருந்து கத்தினாள்:
"இரண்டு காசு! இரண்டு!"
யெசேனியா அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியில் நாங்கள் இருவரும்
திருட்டுப் பூனைகள்போல் பார்த்துக்கொண்டோம்.
ராயேன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"இரண்டு எலிகள் போல.
ஒன்று வருவது மற்றதற்குத் தெரியாது.
பாவம், அவை சந்திப்பதே இல்லை."

பின் இருக்கைக் கிழவர் ஒருவர் சிரித்தார்.
நான் பச்சை விளக்கைத் தவறவிட்டேன்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

பல் இன்னும் தலையணைக்கடியில்தான் இருக்கிறது.
எடுக்க இருவருமே மறந்துவிட்டோம்.
முப்பதாம் தேதிக் கட்டத்தில்
நீல மையில் ஒரு வரி:
ஞாயிறு, இருவருக்கும் விடுமுறை.
அதன் கீழே பென்சிலால் நான்
பால் என்று எழுதிவிட்டு,
கொஞ்ச நேரம் நின்று,
அடித்துவிட்டேன்.